இரும்புக் கெட்டிலில் தண்ணீர் சிவக்கிறதா? பழைய தெட்சுபின்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஜப்பானின் பழைய வார்ப்பிரும்புக் கெட்டிலான தெட்சுபினை வீட்டில் வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "உள்ளே துரு பிடித்திருக்கிறது, எதைப் போட்டுத் தேய்ப்பது?" எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். கீழே சொல்லப்போவதில் வேறு எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது. நான் கையில் எடுத்துப் பார்த்த பாழான கெட்டில்களில் பாதிக்கு மேல் கம்பி நாரால் பாழானவை.

நம் வீடுகளில் எல்லோருக்கும் தோசைக்கல்லைப் பழக்கத் தெரியும். துருவைச் சுரண்டி, எண்ணெய் தடவி, வெங்காயத்தை வெட்டித் தேய்த்து, சூடேற்றிப் பழக்குவோம். அந்தக் கைப்பழக்கமே தெட்சுபினுக்குப் பகையாகிறது. தோசைக்கல் எண்ணெயில் பழகும். தெட்சுபின் தண்ணீரில் பழகும். தண்ணீரை மட்டுமே கொதிக்கவைக்கப் பிறந்த பாத்திரம் அது. எண்ணெய், பால், சர்க்கரை, சோப்பு எதுவும் அதற்குள் போகக் கூடாது.

காரணம் அதைச் செய்த விதத்தில் இருக்கிறது. வட ஜப்பானின் இவாதே மாகாணத்தில் உள்ள மொரியோகாவை ஆண்ட நன்பு குலத்தார், 17ஆம் நூற்றாண்டில் கியோத்தோவிலிருந்து வார்ப்பாளர்களை வரவழைத்துத் தேநீர்ச் சடங்குக்கான கொப்பரைகளை வார்க்கச் செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் அந்தக் கொப்பரையைச் சிறிதாக்கி, மூக்கும் கைப்பிடியும் வைத்தபோது தெட்சுபின் உருவாயிற்று. வார்த்து முடித்த கெட்டிலை அந்தப் பட்டறைகளில் கரி நெருப்பில் செக்கச்சிவக்கக் காய்ச்சுவார்கள். 800 டிகிரிக்கும் மேற்பட்ட அந்தச் சூட்டில் இரும்பின் மேல் சாம்பல் நிறம் கலந்த கரிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டாகிறது. துருவைத் தடுப்பது இந்த மெல்லிய தோல்தான். பிறகு வெளிப்புறத்தில் மட்டும் உருஷி என்ற மரப்பிசின் அரக்கைச் சூட்டோடு பூசுவார்கள். உட்புறத்தில் பூச்சு எதுவும் இல்லை. கம்பி நார் முதலில் கிழிப்பது அந்தக் கரிய தோலைத்தான்.

அடுப்பில் வைக்கும் முன்: இது கெட்டில்தானா?

உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கண்ணாடி போல வழுவழுப்பாக, பளபளப்பாக இருந்து, ஒரு வடிகட்டிக் கிண்ணமும் கூடவே வந்திருந்தால் அது எனாமல் பூசிய கியூசு. டீ இலையை ஊறவைத்துப் பரிமாறும் பாத்திரம் அது. அதை நெருப்பில் வைத்தால் எனாமல் வெடித்து உதிரும். உட்புறம் சொரசொரப்பாக, சாம்பல் நிறத்தில் அல்லது துருப் புள்ளிகளோடு இருந்தால் உண்மையான தெட்சுபின். கடைகளில் இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுவதால் இந்தச் சோதனையைத் தாண்டாமல் மேலே போக வேண்டாம்.

உள்ளே சிவப்புப் புள்ளிகள், ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்கிறது

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஊற்றுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் இல்லை, இரும்பு நெடி இல்லை என்றால் உங்கள் கெட்டிலுக்கு ஒரு குறையும் இல்லை. இடத்தைப் பிடித்து இறுகிவிட்ட துரு தண்ணீரில் கரையாது. நூறு ஆண்டு உழைத்த கெட்டில்களின் உட்புறம் காய்ந்த செம்மண் தரை போலத்தான் இருக்கும். அதில் கொதித்த நீர் பளிங்கு மாதிரி வருவதைப் பார்த்திருக்கிறேன். விட்டுவிடுங்கள்.

தண்ணீர் மஞ்சளாகவோ சிவப்பாகவோ வருகிறது

இதுதான் பெரிய தொல்லை. இதற்குத்தான் பொறுமை வேண்டும்.

நீண்ட காலம் ஈரத்தோடு மூடிக் கிடந்த கெட்டில்களிலும், யாரோ தேய்த்துக் கழுவிய கெட்டில்களிலும் இப்படி வரும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். தானாக உதிரும் துரு போகட்டும். விரலால்கூடச் சுரண்ட வேண்டாம். நான்கைந்து முறை அலசிய பின் ஒரு கைப்பிடி கிரீன் டீ இலையை மெல்லிய பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி உள்ளே போட்டு, கெட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள். ஜப்பானிய வீடுகளில் ஒருமுறை பயன்படுத்திய செஞ்சா என்னும் கிரீன் டீ இலையையே இதற்கு எடுத்து வைப்பார்கள். நீலகிரி கிரீன் டீயும் நன்றாகவே வேலை செய்கிறது. கொதி வந்தபின் இருபது, முப்பது நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். மூடியைச் சற்று விலக்கி வையுங்கள்.

தண்ணீர் மை போலக் கறுக்கும். பயப்பட வேண்டாம், வேண்டியதே அதுதான். இலையில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் துருவோடும் இரும்போடும் சேர்ந்து, கரையாத கரிய கூட்டுப்பொருளாகி உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. நம் ஊரில் இந்த வேதியியல் புதிதல்ல. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவது இதனால்தான். துருப்பிடித்த இரும்பை வெல்லத்தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்த சாற்றால், கடுக்காய்ச் சாற்றில் நனைத்துக் காயவைத்த துணியில் எழுதும்போது, கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்து கறுக்கின்றன. மணமான ஜப்பானியப் பெண்கள் ஒரு காலத்தில் பற்களைக் கறுப்பாக்கிக்கொண்டதும் இரும்புக் கரைசலும் டானினும் சேர்ந்த மையால்தான். ஒஹகுரோ எனப்படும் அதே மையைத்தான் வார்ப்பாளர்கள் கெட்டிலின் வெளிப்புறத்துக்கு நிறம் ஏற்றவும் கையாள்கிறார்கள்.

கறுத்த தண்ணீரை அப்படியே ஆறவிட்டு, பிறகு கொட்டுங்கள். மீண்டும் புது இலை, புது தண்ணீர். மூன்று சுற்று போதுமானதாக இருக்கும். மோசமான கெட்டிலுக்கு ஏழெட்டுச் சுற்றும் ஆகும். அதன்பின் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிக்கொண்டே வந்தால் ஒருநாள் கோப்பையில் நிறம் இருக்காது. அன்றிலிருந்து குடிக்கலாம்.

இரண்டு வாரம் முயன்றும் நீர் சிவந்தே வந்தால், அல்லது உட்சுவரிலிருந்து செதில் செதிலாக இரும்பே பெயர்ந்து வந்தால், வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுங்கள். மொரியோகாவில் பழைய கெட்டில்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகள் உண்டு. துருவை நீக்கி, மறுபடியும் கரி நெருப்பில் காய்ச்சி, வெளிப்புற அரக்கையும் புதிதாகப் பூசித் தருவார்கள்.

ஒரு மருத்துவக் குறிப்பு. தெட்சுபின் நீரில் கொஞ்சம் இரும்பு கரைந்திருக்கும். பெரும்பாலானோருக்கு அதனால் கெடுதல் இல்லை. தலசீமியாவாலோ வேறு காரணத்தாலோ உடலில் இரும்பு மிகுந்து சேர்பவர்கள் வீட்டில் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் அவர்களுக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்க வேண்டாம்.

சரியாக இருந்த கெட்டில் இந்தியாவுக்கு வந்தபின் துருப்பிடிக்கிறது

இது நான் பட்ட பாடு. ஜப்பானில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியபோது, கியோத்தோவின் தோ-ஜி கோயில் வளாகத்தில் மாதந்தோறும் 21ஆம் தேதி கூடும் சந்தையில் வாங்கிய கெட்டிலைக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தேன். அங்கே ஒரு நாளும் தொல்லை தந்ததில்லை. இங்கே இரண்டே மாதத்தில் கோப்பையில் மஞ்சள் நிறம் தெரிந்தது.

குற்றவாளி ஆர்.ஓ. தண்ணீர். கெட்டிலைக் காப்பது கரிய படலம் மட்டும் அன்று. தினமும் கொதிக்கும் நீரிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் படலத்தின் மேல் வெள்ளையாகப் படிந்து இரண்டாவது தோலாகின்றன. ஜப்பானியர்கள் இதை 'யு-அகா' என்று அழைத்து, வளர்ந்தால் மகிழ்கிறார்கள். அங்கே குழாயில் வருவது பெரும்பாலும் மென்னீர்தான் என்றாலும் கொஞ்சமாவது தாது இருக்கும். ஆர்.ஓ. கருவி அதையும் உருவிவிடுகிறது. போதாக்குறைக்குக் காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து அந்த நீர் இலேசாக அமிலத்தன்மை அடைகிறது. படிவைச் சேர்க்காமல் இரும்பைக் கரைக்கும் தண்ணீர் அது.

நான் செய்தது இதுதான்: டீ இலை வைத்தியத்தை மூன்று சுற்று முடித்துவிட்டு, பத்து நாள் ஆர்.ஓ. கருவிக்குள் போகாத குழாய்த் தண்ணீரையே ஊற்றி, தினம் அரை மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவைத்துக் கொட்டினேன். அந்த நீரைக் குடிக்கவில்லை. படிவு சேரட்டும் என்று மட்டுமே. அடியில் விபூதி பூசியது போல வெள்ளை படர்ந்ததும் துரு நின்றது. ஜப்பானில் இதற்கென்றே எவியன் போன்ற கடினநீர் பாட்டில்களை வாங்குகிறார்கள். அதன் கடினத்தன்மை லிட்டருக்குச் சுமார் 300 மில்லிகிராம். சென்னையில் பல தெருக்களின் ஆழ்துளைக் கிணறுகள் அதை இலவசமாகவே தருகின்றன. இப்போது குடிப்பதற்கு ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றினாலும், வாரம் ஒருமுறை குழாய்த் தண்ணீருக்கு முறை வைத்திருக்கிறேன்.

வெள்ளைத் தூள் மிதக்கிறது

அதே யு-அகாதான். அளவுக்கு மீறித் தடித்துச் சிறு செதிலாக உதிர்ந்திருக்கிறது. கேடில்லை, அலசிக் கொட்டுங்கள். எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் அமிலம், வினிகர் எதையும் ஊற்றாதீர்கள். மின்சாரக் கெட்டிலுக்குச் சொல்லப்படும் யோசனை இது. இங்கே அமிலம் வெள்ளைத் தோலையும் அடியிலுள்ள கரிய தோலையும் சேர்த்தே தின்றுவிடும்.

டீ கறுத்துப்போகிறது, காபி நன்றாக இருக்கிறது

கெட்டிலில் கரைந்துவந்த இரும்பு டீயின் டானினைச் சந்திக்கிறது. மேலே சொன்ன கலம்காரிக் கறுப்பு உங்கள் கோப்பையிலேயே நடக்கிறது. ருசி சற்று மழுங்கும். படிவு வளர வளரக் குறையும். குடிக்கும் டீயைக் கெட்டிலுக்குள்ளேயே போட்டுக் கொதிக்கவிடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

அடியில் ஈரம் கசிகிறது

பதறிப் பழுதுபார்ப்பவரைத் தேடும் முன் இது உண்மையிலேயே கசிவுதானா என்று பாருங்கள். கேஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நீர் ஆவியாக வெளிவரும். குளிர்ந்த நீர் நிறைந்த தடித்த இரும்பின் மேல் அது பட்டதும் பனித்துளி போலக் குளிர்ந்து சொட்டும், அடுப்பில் சொய்ங் என்று சத்தம் வரும். தண்ணீர் சூடானதும் நின்றுவிட்டால் அது வியர்வை.

உறுதி செய்ய, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, தண்ணீர் ஊற்றி, செய்தித்தாளின் மேல் இரண்டு மணி நேரம் வையுங்கள். தாளில் ஈர வட்டம் விழுந்தால் கசிவுதான். விரல் முட்டியால் மெல்லத் தட்டியும் பாருங்கள். மணி போல ஒலித்தால் உடல் முழுதாக இருக்கிறது. பொத்தென்ற ஓசை என்றால் எங்கோ விரிசல்.

பழைய கெட்டில்களின் ஊசித்துளைக் கசிவுக்கு வார்ப்பாளர்களின் மருந்து, உருஷி அரக்கில் இரும்புத் தூளைக் குழைத்து அடைப்பது. அதைச் செய்யத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். கடையில் கிடைக்கும் எபாக்சிப் பசையை வைத்து அடைக்கக் கூடாது. கொதிநீருக்கும் குடிநீருக்கும் அது உகந்ததன்று.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உள்ளே அடியிலோ மூக்கின் வேரிலோ வெள்ளி நிறத்தில் மழமழவென்று ஒரு ஒட்டு தெரிந்தால், யாரோ ஈயப் பற்று வைத்திருக்கிறார்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது என்ற துணிவில் இதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பழைய பற்றில் காரீயம் கலந்திருப்பது வழக்கம், காரீயம் நஞ்சு. அப்படிப்பட்ட கெட்டில் அலமாரியில் அழகாக இருக்கட்டும், அடுப்புக்கு வேண்டாம். கெட்டிலில் பொறித்திருக்கும் பட்டறைப் பெயரைப் பார்த்து வாங்குவதைவிட, ஒரு டார்ச் விளக்கோடு போய் உள்ளே பார்த்து வாங்குங்கள். பெயரைப் போலியாகப் பொறிக்கலாம்; அடியில் வைத்த பற்றை வெளிச்சத்தில் மறைக்க முடியாது.

விரிசல் வருவது பெரும்பாலும் ஒரே வழியில். வற்றிக் காய்ந்துபோன சூடான கெட்டிலில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவது. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருப்பதால் அது கடினமானது, ஆனால் வளைந்து கொடுக்காது. மறந்துபோய் வற்றவிட்டுவிட்டால் அடுப்பை அணைத்துத் தானாக ஆறும்வரை கையை வைக்காதீர்கள்.

நெடி அடிக்கிறது

இரும்பு நெடி என்றால் மேலே சொன்ன டீ வைத்தியம். எண்ணெய்ச் சிக்கு நாற்றம் என்றால், முன்னால் வைத்திருந்தவர் தோசைக்கல் போலப் பழக்கப் பார்த்திருக்கிறார். டீ இலையோடு பலமுறை கொதிக்கவைத்து மேலே மிதக்கும் பிசுக்கை வழித்துக் கொட்டினால் மெல்ல மெல்லப் போகும், நாள் பிடிக்கும். பூஞ்சை வாடைக்கு, நன்றாகக் காய்ந்த கெட்டிலுக்குள் மரக்கரித் துண்டுகளைப் போட்டு மூன்று நாள் வையுங்கள்.

மூக்கிலிருந்து பீறிட்டு வழிகிறது

முக்கால் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறீர்கள், அல்லது தீ பெரிது. மூடியை விலக்கி வையுங்கள்.

வெளிப்புறம் வெளுத்து, துருப் புள்ளி விடுகிறது

தீ நாக்கு அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறியிருக்கும். அரக்கு எரிந்தால் வெளுக்கும். கெட்டில் சூடாக இருக்கும்போது, கெட்டியான டீச் சாற்றில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். சில வாரங்களில் நிறம் ஆழமாகும். கறுப்புப் பெயின்ட்டும் ஷூ பாலிஷும் வேண்டாம்.

கைப்பிடியைத் தொட முடியாத சூடும் பெரும் தீயின் விளைவுதான். நல்ல பழைய கெட்டில்களின் கைப்பிடி உள்ளீடற்றது. இரும்புத் தகட்டை அடித்துக் குழாயாகச் சுருட்டிச் செய்வார்கள். அடிப்பக்கத்தில் அதன் இணைப்புக் கோடு தெரியும். சரியான தீயில் அது அவ்வளவாகச் சுடுவதில்லை.

இண்டக்ஷன் அடுப்பு இதை ஏற்றுக்கொள்ளவில்லை

பழைய கெட்டில்கள் ஹிபாச்சி என்னும் கணப்புச் சட்டியில், சாம்பலில் பதித்த முக்காலியின் மேல், கரித் தணலில் இருக்கும்படி வார்க்கப்பட்டவை. அடி சிறியது, பெரும்பாலும் குவிந்தது. அதனால் பல அடுப்புகள் பாத்திரம் இருப்பதையே உணர்வதில்லை. உணர்ந்தாலும் திடீர்ச் சூட்டில் மெல்லிய அடி விரியக்கூடும். புதிதாகத் தட்டை அடியோடு வார்த்தவை இதற்கென்றே கிடைக்கின்றன. பழையதை இண்டக்ஷனில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். கேஸ் அடுப்பில் சின்ன பர்னர், சிறு தீ, ஆடாமல் உட்கார ஒரு இரும்பு வளையம்.

நன்றாகவே பயன்படுத்துகிறேன், ஆனாலும் மறுபடி மறுபடி துரு

இரவில் மிச்சத் தண்ணீரை விட்டுவைக்கிறீர்களா? கொதிநீரை முழுவதும் பிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள். மூடியைத் திறந்து வையுங்கள்; இரும்பின் சொந்தச் சூட்டிலேயே உட்புறம் காயும். மூக்கின் உள்வேரில் ஈரம் தங்கினால் மட்டும் மிகச் சிறு தீயில் அரை நிமிடம் வைக்கலாம், அருகிலேயே நின்றுகொண்டு. மழைக்காலத்தில் சமையலறை அலமாரிக்குள் மூடி வைக்க வேண்டாம்.

முன்பு பாடிய கெட்டில் ஊமையாகிவிட்டது

கொதி நெருங்கும்போது தேநீர்ச் சடங்குக் கொப்பரைகள் எழுப்பும் ஓசையை ஜப்பானியர்கள் மட்சுகாசே, பைன் மரக் காற்று என்பார்கள். அந்த ஓசைக்காக அடியின் உட்புறத்தில் சிறு இரும்புத் துண்டுகளை அரக்கால் ஒட்டுவார்கள். சில கெட்டில்களிலும் இது உண்டு. துண்டுக்கும் அடிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஆவிக் குமிழிகள் சிக்கி வெளியேறும்போது பாட்டு பிறக்கிறது. படிவு தடித்து இடுக்கை அடைத்தால் ஓசை குறையும். தேய்த்துக் கழுவினால் துண்டே பெயர்ந்துவிடும். கெட்டிலைக் கவிழ்க்கும்போது நகத்தளவு கரிய இரும்புத் துண்டு ஒன்று விழுந்தால், துருக்கட்டி என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். என் தோ-ஜி கெட்டிலிலிருந்து போன ஆண்டு ஒன்று விழுந்தது. சின்ன துணியில் முடிந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஜப்பானுக்குப் போகும்போது கெட்டிலோடு அதையும் பட்டறையில் கொடுக்க வேண்டும்.